எந்தக் கிளாஸ் என்று யார் சொல்வது? ஜாவா ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலின் கதை

ஜாவாவில் வேலை செய்பவர்கள் தினமும் திறந்து மூடும், ஆனால் யாரும் நின்று பார்க்காத ஒரு பொருள் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல். இடப்பக்கம் ஒரு பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் ஒரு மதிப்பு. அவ்வளவுதான். டேட்டாபேஸ் முகவரி, போர்ட் எண், எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது மாதிரி விஷயங்கள் அதில் இருக்கும். இதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் சில ஃபைல்களில் வலப்பக்கம் ஒரு கிளாஸின் முழுப்பெயர் இருக்கும். அந்த ஒரு வரியை மாற்றினால் ப்ரோகிராமின் ஒரு உறுப்பே மாறிவிடும். கம்பைல் பண்ண வேண்டாம், சோர்ஸ் கோடு கையில் இருக்கக்கூட வேண்டாம். நோட்பேடில் திறந்து மாற்றிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். இந்த இரண்டாவது வகை வரி எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, அதனால் என்னென்ன நடந்தது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே கோர்த்து எழுதுகிறேன்.

ஜாவா தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கல்யாணத்துக்குப் போகிறோம். பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வரும் என்பது நமக்குத் தெரியும். யார் சமைத்தார் என்பது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. "சாம்பார் வரும்" என்கிற அந்த வாக்குறுதிதான் ஜாவாவில் இன்டர்ஃபேஸ். உள்ளே கரண்டி பிடிக்கிறாரே, அவர்தான் இம்ப்ளிமென்டேஷன் கிளாஸ். ப்ரோகிராமில் நியூ என்று போட்டு கிளாஸ் பெயரை எழுதுவது, சமையல்காரர் பெயரைப் பத்திரிகையிலேயே அச்சடிப்பது மாதிரி. ஆள் மாறினால் பத்திரிகையை மறுபடி அச்சடிக்கணும். பத்திரிகையில் பெயரைப் போடாமல், மண்டபத்து வாசலில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தால்? ஆள் மாறினால் அழித்து எழுதிக்கொள்ளலாம். ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்தான் அந்தக் கரும்பலகை. கரும்பலகையில் யார் வேண்டுமானாலும் அழித்து எழுதலாமே என்று உங்களுக்கு இப்போதே தோன்றியிருந்தால், அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வருகிறேன்.

முதல் நாளிலேயே இருந்தது

1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜேடிகே 1.0 வெளியிட்டபோதே இதற்குத் தேவையான எல்லாமே உள்ளே இருந்தது. ஃபைலைப் படிக்க ப்ராப்பர்ட்டீஸ் என்ற கிளாஸ். ஒரு கிளாஸின் பெயரை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுத்தால் அந்தக் கிளாஸைத் தேடி எடுத்துத் தரும் ஃபார்நேம் மெத்தட். எடுத்த கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் செய்துகொள்ள நியூஇன்ஸ்டன்ஸ். மூன்றையும் சேர்த்தால் கரும்பலகை தயார்.

சன் நிறுவனமே அதை உடனே பயன்படுத்தியது. ஜாவாவின் பழைய கிராஃபிக்ஸ் லைப்ரரியான ஏடபிள்யூடியில் பட்டன், விண்டோ எல்லாம் ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் வேறு வேறு விதமாக வரையப்பட வேண்டும். சோலாரிஸில் மோட்டிஃப், விண்டோஸில் வேறு. எந்த டூல்கிட் கிளாஸைப் பயன்படுத்துவது என்பதை "ஏடபிள்யூடி.டூல்கிட்" என்ற ப்ராப்பர்ட்டி சொன்னது. "ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்ற விளம்பரத்துக்கு அடியில் இப்படி ஒரு வரி இருந்தது.

ஃபைலின் வடிவம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்காலத்துத் தலைவலிகளில் பாதி இங்கேதான் பிறந்தது. சமக்குறி போடலாம், முக்கால்புள்ளி போடலாம், இரண்டும் இல்லாமல் வெறும் இடைவெளிகூட விடலாம். ஹாஷ் குறியிலோ ஆச்சரியக்குறியிலோ தொடங்கும் வரி கமென்ட். ஆச்சரியக்குறி கமென்ட்டும் முக்கால்புள்ளியும் யூனிக்ஸின் எக்ஸ் விண்டோ ரிசோர்ஸ் ஃபைல்களில் பழகியவர்களுக்குப் புதிதல்ல. பின்சாய்வுக்கோடு போட்டால் சிறப்புப் பொருள். அதனால் விண்டோஸ் பாதையை அப்படியே எழுதினால் டெம்ப் ஃபோல்டர் பெயரின் முதல் எழுத்து டேப் ஆகிவிடும். மதிப்புக்கு முன்னால் இருக்கும் இடைவெளியை நீக்கிவிடும், பின்னால் இருக்கும் இடைவெளியை நீக்காது. இந்தக் கடைசி விஷயம் கொடுமையானது. கிளாஸ் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தால், "அப்படி ஒரு கிளாஸ் இல்லை" என்று எர்ரர் வரும். கிளாஸ் கண் முன்னால் இருக்கும். ஸ்பெல்லிங் சரியாக இருக்கும். மணிக்கணக்கில் தேட வேண்டியதுதான். ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் கடைசியாக வந்தது சத்தமில்லாமல் ஜெயிக்கும்.

நம்ம மொழிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. இந்த ஃபைல் லத்தீன்-1 எழுத்துக்குறியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் ஒரு மெனு எழுத வேண்டுமென்றால் "அ" என்ற ஒரே எழுத்துக்கு பின்சாய்வுக்கோடு, யு, நான்கு பதினறும எண்கள் என்று ஆறு குறிகள். யுனிகோடு தமிழை அப்படி மாற்றித் தர நேட்டிவ்டுஆஸ்கி என்று ஒரு தனி டூலே ஜேடிகேயுடன் வந்தது. மொழிபெயர்ப்பு ஃபைல்களுக்கு நேரடியாக யுடிஎஃப்-8 ஏற்றுக்கொள்ளப்பட்டது 2017இல், ஜாவா 9இல்தான். கிளாஸ் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருந்ததால் நம் கதைக்கு இதனால் பாதிப்பில்லை. எரிச்சல் மட்டும்தான்.

இன்னொன்று: ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ் ஹாஷ்டேபிளை இன்ஹெரிட் செய்து எழுதப்பட்டது. இன்ஹெரிட்டன்ஸை எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு ஜாஷுவா பிளாக் தன் எஃபெக்டிவ் ஜாவா புத்தகத்தில் காட்டும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. எழுத்துச் சரம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் எதை வேண்டுமானாலும் போட முடியும்.

டேட்டாபேஸ் டிரைவர்

அடுத்த பெரிய பயன்பாடு ஜேடிபிசி. 1997இல் ஜேடிகே 1.1 உடன் வந்தது. ஆரக்கிளோ சைபேஸோ, எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் ப்ரோகிராம் ஒன்றுதான், டிரைவர் மட்டும் மாறும் என்பது யோசனை. எந்த டிரைவர் என்பதை "ஜேடிபிசி.டிரைவர்ஸ்" என்ற ப்ராப்பர்ட்டியில் முக்கால்புள்ளி போட்டு வரிசையாக எழுதலாம். ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இதற்குக் கொடுத்திருந்த உதாரணம், பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் ஹாட்ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் எழுதச் சொன்னது. ஹாட்ஜாவா என்பது சன் எழுதிய வெப் பிரௌசர். பிரௌசர் செத்துப்போன பிறகும் ரொம்ப வருடங்கள் அந்த உதாரணம் ஆவணத்தில் இருந்தது.

நடைமுறையில் பெரும்பாலானவர்கள் இதைச் செய்யவில்லை. ப்ரோகிராமின் தலையிலேயே ஃபார்நேம் போட்டு டிரைவர் பெயரை எழுதினார்கள். எல்லாப் பாடப்புத்தகங்களிலும் அந்த வரி இருந்தது, எல்லா இன்டர்வியூக்களிலும் அந்த வரியைப் பற்றிக் கேள்வி இருந்தது. வெளியே வைக்கவென்றே செய்த கதவை உள்ளே இழுத்து ஆணியடித்த மாதிரி. 2006 டிசம்பரில் ஜாவா 6 வந்தபோதுதான் அந்த வரிக்கு விடுதலை கிடைத்தது. டிரைவரின் ஜார் ஃபைலுக்குள், மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் என்ற ஃபோல்டரில், இன்டர்ஃபேஸின் பெயரிலேயே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். அதற்குள் டிரைவர் கிளாஸின் பெயர். ஜாரைக் கொண்டுவந்து வைத்தாலே போதும், ஜாவா கண்டுபிடித்துக்கொள்ளும்.

சட்டம் எழுதவைத்த வரி

என் குறிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த பகுதி. ஜேடிகேக்குள் "ஜாவா.செக்யூரிட்டி" என்று ஒரு ஃபைல் உண்டு. பெயருக்குப் பின்னால் ப்ராப்பர்ட்டீஸ் என்று இல்லாவிட்டாலும் வடிவம் அதேதான். அதில் "செக்யூரிட்டி.ப்ரொவைடர்.1", "2", "3" என்று எண் போட்டு வரிசையாகக் கிளாஸ் பெயர்கள் இருக்கும். ப்ரோகிராம் "எனக்கு இந்த அல்காரிதம் வேண்டும்" என்று மட்டும் கேட்கும். ஜாவா இந்தப் பட்டியலில் மேலிருந்து கீழே போய், அதைத் தரக்கூடிய முதல் ஆளைப் பிடித்துக் கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டில் நல்ல வடிவமைப்பும் இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது. 1990களில் வலுவான என்கிரிப்ஷன் மென்பொருளை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஜாவாவோ உலகம் முழுக்க இலவசமாக டவுன்லோடு ஆகிற பொருள். அதனால் சன் விஷயத்தை இரண்டாகப் பிரித்தது. கையொப்பம், ஹாஷ் போன்றவை ஜேடிகேக்கு உள்ளே. உண்மையான என்கிரிப்ஷன் ஜேசிஇ என்ற தனிப் பொட்டலத்தில். அது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும். மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்வது? தாங்களே எழுதி, அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஐஏஐகே எழுதியது. ஆஸ்திரேலியாவில் பவுன்ஸி காசில் பிறந்தது. இன்றைக்கு உலகில் பாதி ஜாவா ப்ராஜெக்ட்டில் பவுன்ஸி காசில் ஜார் எங்கேயாவது கிடக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். அதை நிறுவும் வழிமுறையின் முக்கியப் படியே அந்த ஃபைலில் ஒரு வரி எழுதுவதுதான்.

2000 ஜனவரியில் அமெரிக்கா விதிகளைத் தளர்த்தியது. 2002இல் ஜாவா 1.4 வந்தபோது ஜேசிஇ உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, சாவியின் நீளத்துக்கு வரம்பு. ஏஇஎஸ் என்றால் 128 பிட் வரைதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி பாலிசி ஃபைலைத் தேடி டவுன்லோடு செய்து வைக்க வேண்டும். "சாவியின் அளவு செல்லாது" என்ற எர்ரரைப் பார்த்து முழித்த தலைமுறை ஒன்று இருக்கிறது, நானும் அதில் உண்டு. 2017இல் ஜாவா 9 வந்தபோதுதான் வரம்பில்லாத பாலிசி டிஃபால்ட் ஆனது. இப்போது அதைத் தீர்மானிப்பதும் அதே செக்யூரிட்டி ஃபைலில் "கிரிப்டோ.பாலிசி" என்ற ஒரு வரிதான்!

இரண்டாவது நிபந்தனைதான் கவனிக்க வேண்டியது. என்கிரிப்ஷன் தரும் ப்ரொவைடர் ஜார், சன் அங்கீகரித்த சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் பெயர் எழுதினால் மட்டும் போதாது, வந்திருப்பவர் யார் என்று வாசலில் ஒரு சோதனை. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி. அவர் அங்கே நின்றதற்கு நம் பாதுகாப்பு காரணமில்லை, அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டம்தான் காரணம். மற்ற ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்களுக்கு அப்படி ஒருவரை யாரும் நிறுத்தவில்லை.

ஏடிஜி நியூக்ளியஸ்: முழு அப்ளிகேஷனும் ப்ராப்பர்ட்டீஸில்

இதுவரை பார்த்ததெல்லாம் ஓரிரு வரிகள். ஒரு முழு அப்ளிகேஷனையே, ஆயிரக்கணக்கான உறுப்புகளை, ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலால் மட்டுமே கோர்த்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். ஆர்ட் டெக்னாலஜி குரூப், சுருக்கமாக ஏடிஜி. 1991இல் ஜீத் சிங்கும் ஜோசப் சங்கும் தொடங்கியது. அவர்களுடைய டைனமோ என்ற பொருள், 90களின் பிற்பகுதியில் பெரிய இணையக் கடைகளுக்கு அடித்தளமாக ஆனது. வெப் பக்கத்துக்குள் ஜாவா எழுதும் அவர்களுடைய ஜேஹெச்டிஎம்எல் முறையிலிருந்துதான் சன்னின் ஜேஎஸ்பி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

டைனமோவின் உள்ளே இருந்த இதயத்தின் பெயர் நியூக்ளியஸ். அதன் விதி எளிது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஃபைல் சிஸ்டம் மாதிரி ஒரு பாதை உண்டு. அந்தப் பாதையிலேயே ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல். ஃபைலின் முதல் வரியில் டாலர் குறி போட்டு கிளாஸ் என்று எழுதி, எந்த ஜாவா கிளாஸ் என்று சொல்ல வேண்டும். அடுத்து டாலர் ஸ்கோப்: உலகத்துக்கே ஒன்றா, ஒவ்வொரு பயனரின் செஷனுக்கும் ஒன்றா, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒன்றா. அதற்குக் கீழே சாதாரண மதிப்புகள். ஒரு மதிப்பு இன்னொரு உறுப்பாக இருக்க வேண்டுமென்றால் அதன் பாதையை எழுதினால் போதும். ஒரு உறுப்பை யாராவது முதன்முறையாகக் கேட்கும்போது நியூக்ளியஸ் ஃபைலைப் படிக்கும், கிளாஸைத் தேடும், ஆப்ஜெக்ட் செய்யும், ஜாவாபீன்ஸ் மரபுப்படி செட் மெத்தட்களைக் கூப்பிட்டு மதிப்புகளை நிரப்பும், தேவைப்படும் மற்ற உறுப்புகளையும் அதே மாதிரி எழுப்பும்.

இதைப் படிக்கும் ஸ்பிரிங் ஆட்களுக்கு "அட, இது நம்ம கதையாச்சே" என்று தோன்றும். ஆமாம். டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயர் பரவுவதற்குப் பல வருடங்கள் முன்பே அந்த வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் நியூக்ளியஸில் என்னை அசரவைத்தது அடுக்கு முறை. கான்ஃபிக்பாத் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரே பாதையில் ஒரே பெயரில் ஒரு ஃபைல் நான்கு டைரக்டரிகளில் இருக்கலாம். முதலில் ஏடிஜி கொடுத்தது, அதன் மேல் காமர்ஸ் மாட்யூல் கொடுத்தது, அதன் மேல் நம் ப்ராஜெக்ட் எழுதியது, எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஒரு சர்வருக்கு மட்டுமான லோக்கல்கான்ஃபிக். நியூக்ளியஸ் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்கும்; மேலே எழுதிய வரி கீழே எழுதிய வரியை மறைக்கும், எழுதாதது கீழிருந்து அப்படியே வரும். கூட்டல் குறியும் சமக்குறியும் சேர்த்துப் போட்டால் மறைக்காமல் பட்டியலின் வாலில் சேர்க்கும். டாலர் கிளாஸ் வரியும் இதற்கு விதிவிலக்கில்லை. அங்கேதான் விஷயமே. ஆர்டர்களை நிர்வகிக்கும் ஏடிஜியின் கிளாஸ் உங்கள் கடைக்குப் போதவில்லையா? அதை எக்ஸ்டென்ட் செய்து ஒரு கிளாஸ் எழுதுங்கள். உங்கள் அடுக்கில் அதே பெயரில் ஒரே ஒரு வரி கொண்ட ஃபைலை வையுங்கள். அந்த உறுப்பைக் கேட்கும் எல்லா இடங்களுக்கும், ஏடிஜியின் சொந்தக் கோடு உட்பட, இனி உங்கள் கிளாஸ்தான் போகும். சோர்ஸே தராத ஒரு நிறுவனத்தின் பொருளை, அதைத் தொடாமல், உள்ளுக்குள் மாற்றிவிட முடிந்தது.

இத்தனை அடுக்கு இருந்தால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று குழப்பம் வராதா? வரும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். டைனமோவின் நிர்வாகப் பக்கத்தை பிரௌசரில் திறந்தால், ஓடிக்கொண்டிருக்கும் எந்த உறுப்பையும் பெயர் சொல்லிப் பார்க்கலாம். அதன் இப்போதைய மதிப்புகள் என்ன, அவை எந்தெந்த ஃபைலிலிருந்து எந்த வரிசையில் வந்தன என்று காட்டும். மதிப்பை அங்கேயே மாற்றவும் முடியும். வெளியே ஃபைலில் பைண்டிங்கை வைக்கும் எந்த முறைக்கும் இந்த வசதி கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. பிறகு வந்த பலதுக்கு இது பல வருடங்கள் இல்லை.

அப்புறம் ஏன் உலகம் நியூக்ளியஸைப் பற்றிப் பேசவில்லை? விலை. அது மூடிய, காசு கொடுத்து வாங்கும் பொருள். வாங்கிய கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. 2010 நவம்பரில் ஆரக்கிள் சுமார் 100 கோடி டாலருக்கு ஏடிஜியை வாங்குவதாக அறிவித்தது. அதற்குள் ஸ்பிரிங் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

எக்ஸ்எம்எல் காலமும் ஃபேக்டரி தேடல்களும்

1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அதே வருடம் வந்த இஜேபி 1.0இல் டிப்ளாய்மென்ட் விவரங்கள் சீரியலைஸ் செய்த ஜாவா ஆப்ஜெக்டாக இருந்தன. மனிதர்கள் திறந்து படிக்க முடியாது. 1999இல் இஜேபி 1.1 அதை எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றியது. நியாயமும் இருந்தது. ப்ராப்பர்ட்டீஸ் தட்டையான பொருள், பட்டியலுக்குள் பட்டியல் என்று வந்தால் திணறும்.

ராட் ஜான்சன் 2002இல் வெளியிட்ட ஜே2இஇ புத்தகத்தோடு சுமார் 30,000 வரிக் கோடும் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங், 1.0 வெளிவந்தது 2004 மார்ச்சில். ஸ்பிரிங் என்றால் எக்ஸ்எம்எல் என்றுதான் எல்லோருக்கும் நினைவு. ஆனால் பீன்களை ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலிலேயே வரையறுக்கும் ரீடர் ஒன்றும் ஸ்பிரிங்குக்குள் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பீன் பெயர், புள்ளி, அடைப்புக்குறிக்குள் கிளாஸ், சமக்குறி, கிளாஸ் பெயர் என்று எழுதலாம். யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 5.3இல் டெப்ரிகேட் செய்தார்கள்.

ஸ்பிரிங் 1.0க்கு இரண்டு மாதம் முன்னால், 2004 ஜனவரியில், மார்ட்டின் ஃபௌலர் டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை ஊரறியச் செய்த கட்டுரையை எழுதினார். அதில் கோடா, கான்ஃபிகரேஷன் ஃபைலா என்று ஒரு பகுதி உண்டு. எல்லாவற்றையும் கோடு வழியாகச் செய்ய முதலில் ஒரு வழி வையுங்கள், தனி ஃபைல் என்பது அதன் மேல் ஒரு விருப்பத் தேர்வாக இருக்கட்டும் என்பது அவருடைய நிலை. அன்று பெரும்பாலானோர் அந்தப் பகுதியைத் தாண்டிப்போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த சில வருடங்கள் எக்ஸ்எம்எல் மலையாகக் குவிந்தது.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் வேறு வகைக் குழப்பம். எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சரையே மாற்றிக்கொள்ள முடிகிற மாதிரி ஜேஏஎக்ஸ்பி வந்தது. எந்தப் பார்சர் என்று அது தேடும் வரிசை: முதலில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, அடுத்து ஜாவா நிறுவிய இடத்தில் இருக்கும் ஜேஏஎக்ஸ்பி.ப்ராப்பர்ட்டீஸ், அடுத்து ஜார்களுக்குள் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ், எதுவும் இல்லையென்றால் டிஃபால்ட். நான்கு இடம். ஒரு அப்ளிகேஷன் சர்வருக்குள் பத்து அப்ளிகேஷன் ஓடும், ஆனால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி என்பது முழு ஜேவிஎம்முக்கும் ஒன்றுதான். முன்பு நான் இருந்த ஒரு இடத்தில், ஒரு டீமின் அப்ளிகேஷன் தனக்கு வேண்டிய பார்சரின் பெயரை அப்படி செட் செய்தது. அதே சர்வரில் இருந்த, அதற்குச் சம்பந்தமே இல்லாத ரிப்போர்ட் அப்ளிகேஷன், அந்தக் கிளாஸ் தன்னிடம் இல்லையென்று விழுந்தது. அதிலும் எது முதலில் ஸ்டார்ட் ஆகிறதோ அதைப் பொறுத்து சில நாள் விழும், சில நாள் விழாது.

லாகிங்கில் இது உச்சத்துக்குப் போனது. அப்பாச்சியின் காமன்ஸ் லாகிங், ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலையும் கிளாஸ்பாத்தையும் பார்த்து, எந்த லாக் லைப்ரரி இருக்கிறது என்று ஓடும்போது தானாகக் கண்டுபிடிக்க முயன்றது. கிளாஸ்லோடர்கள் பல அடுக்காக இருக்கும் சர்வர்களில் அந்தக் கண்டுபிடிப்பு அடிக்கடி கோளாறானது. லாக்4ஜேயை எழுதிய செகி குல்சு இதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். பிறகு அவர் செய்த எஸ்எல்எஃப்4ஜேயில் ஓடும்போது தேடுவதே கிடையாது. எந்த பைண்டிங் ஜாரை வைத்தீர்களோ அதுதான். தேடாமல் இருப்பதே அதன் பெருமை. 2022இல் வந்த 2.0 பதிப்பில், ஜாவாவின் சர்வீஸ்லோடர் பக்குவப்பட்டுவிட்டதால், அதன் வழியாகத் தேடுவதற்கு மாறிக்கொண்டார்கள். மறுபடி கிளாஸ் பெயர் எழுதிய சின்ன டெக்ஸ்ட் ஃபைல்!

எதிர்ப்பும் திரும்பி வந்ததும்

2007இல் கூகுளிலிருந்து பாப் லீயின் ஜூஸ் வந்தது. ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்கும், உச்சரிப்பு ஜூஸ்தான். அவர்களுடைய வாதம் எளிது: கிளாஸ் பெயரை ஃபைலில் எழுதினால் அது வெறும் எழுத்துச் சரம். கம்பைலருக்குத் தெரியாது. ஐடிஇயில் கிளாஸுக்குப் பெயர் மாற்றினால் ஃபைலில் மாறாமல் நிற்கும். தப்பு இருந்தால் ப்ரொடக்ஷனில், இரவு இரண்டு மணிக்குத்தான் தெரியும். பைண்டிங்கை ஜாவா கோடிலேயே எழுதுங்கள், கம்பைலரே சரிபார்க்கட்டும். 2009இல் பாப் லீயும் ராட் ஜான்சனும் சேர்ந்து இன்ஜெக்ட் போன்ற அனோட்டேஷன்களைப் பொதுத் தரமாக்கினார்கள். ஜாவா 9 மாட்யூல் முறை வந்தபோது, எந்த இன்டர்ஃபேஸுக்கு எந்தக் கிளாஸ் என்பதை மாட்யூல் அறிவிப்பிலேயே எழுதி கம்பைல் செய்துவிடலாம் என்றானது.

கேட்க நியாயமான வாதம்தான். நடைமுறையில், ஃபைலில் எழுதி வைத்த கிளாஸ் பெயர்களில் பெரும்பாலானவற்றை யாரும் ஒருநாளும் மாற்றியதில்லை. "பிற்காலத்தில் மாற்றலாம்" என்ற கற்பனைக்காக எல்லோரும் தினமும் எரிச்சல்பட்டார்கள். டேட்டாபேஸ் டிரைவர், கிரிப்டோ ப்ரொவைடர், லாக் அப்பெண்டர் மாதிரி எழுதியவர் ஒருவர், நிறுவுபவர் வேறொருவர் என்கிற இடங்களில் மட்டும் ஃபைல் அர்த்தமுள்ளது. ஏடிஜியில் அது அழகாக வேலை செய்ததற்குக் காரணமும் அதுதான். விற்றவன் பாஸ்டன் பக்கம், மாற்றுகிறவன் வேறு கண்டத்தில்.

2014 ஏப்ரலில் ஸ்பிரிங் பூட் 1.0 வந்தது. எக்ஸ்எம்எல் இல்லை, எல்லாம் தானாக நடக்கும் என்று கொண்டாடினோம். தானாக எப்படி நடக்கிறது என்று ஜாரைப் பிரித்துப் பார்த்தால், மெட்டா-இன்ஃபுக்குள் ஸ்பிரிங்.ஃபேக்டரீஸ் என்று ஒரு ஃபைல். இடப்பக்கம் ஒரு இன்டர்ஃபேஸ் அல்லது அனோட்டேஷன் பெயர். சமக்குறி. வலப்பக்கம் வரிசையாகக் கிளாஸ் பெயர்கள், வரி முடிவில் பின்சாய்வுக்கோடு. பெயரில் இல்லாவிட்டாலும் அச்சு அசல் ப்ராப்பர்ட்டீஸ் வடிவம். 2022இல் ஸ்பிரிங் பூட் 2.7, தானியங்கி அமைப்புகளுக்கு மட்டும் இதை விட்டுவிட்டு வரிக்கு ஒரு கிளாஸ் பெயர் என்ற இம்போர்ட்ஸ் ஃபைலுக்கு மாறியது. சமக்குறி போய்விட்டது, கிளாஸ் பெயர் அப்படியே இருக்கிறது.

வாசலில் காவலாளி இல்லாத கதை

இப்போது அந்தக் கரும்பலகைக் கேள்விக்கு வரலாம். ஒரு எழுத்துச் சரம் எந்தக் கிளாஸ் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிறது என்றால், அந்தச் சரத்தை எழுத முடிந்தவர் அந்த மெஷினில் கோடு ஓட்ட முடிந்தவர்.

ஜேஎன்டிஐ என்ற பெயர்ச்சேவையும் இதே குடும்பம்தான். ஜேஎன்டிஐ.ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ஃபேக்டரி கிளாஸின் பெயரை எழுதுவோம். ஆனால் அது ஒரு படி மேலே போனது. பெயரைத் தேடும்போது தொலைவில் இருக்கும் எல்டாப் சர்வர், "இந்த ஆப்ஜெக்டைச் செய்ய இந்த ஃபேக்டரி கிளாஸ் வேண்டும், இந்த முகவரியில் கிடைக்கும்" என்று பதில் சொல்லலாம். ஜாவா போய் இறக்கி ஓட்டும். கரும்பலகை நம் மண்டபத்தில் இல்லை, ஊர்பேர் தெரியாதவர் வீட்டில் இருக்கிறது. 2018 அக்டோபரில் ஜாவா 8இன் 191ஆம் அப்டேட்டில்தான் எல்டாப் வழியாக இப்படி வெளியிலிருந்து கிளாஸ் இறக்குவது டிஃபால்ட்டாக நிறுத்தப்பட்டது.

லாக்4ஜே 2இல் 2013இல் ஒரு வசதி சேர்த்தார்கள்: கான்ஃபிகரேஷனில் டாலரும் நெளிவு அடைப்பும் போட்டு ஜேஎன்டிஐ முகவரி எழுதினால் தேடி மதிப்பை நிரப்பும். கான்ஃபிகரேஷன் எழுதுபவர் நிர்வாகிதானே, அவரை நம்பலாம் என்பது கணக்கு. ஆனால் அதே நிரப்பல், லாக்கில் பதிவாகும் செய்திக்குள்ளும் நடந்தது. லாக் செய்தியில் இருப்பது வெளியாள் அனுப்பிய பெயர், பிரௌசர் விவரம், தேடல் சொல். ஆக லாகின் பெட்டியில் எதையோ டைப் செய்கிற யாரோ ஒருவர் கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிட்டார். அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழு கண்டுபிடித்துச் சொன்னது. 2021 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் உலகத்துக்குத் தெரிந்தது. லாக்4ஷெல். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து.

முதலில் 2.15, அது போதாமல் டிசம்பர் 13 வாக்கில் 2.16. அதில் செய்திக்குள் நிரப்புவதையே எடுத்துவிட்டு, ஜேஎன்டிஐயையும் டிஃபால்ட்டாக அணைத்தார்கள். பிறகு 2.17. எல்லோரும் மூச்சுவிட்டபோது, மாதக் கடைசியில் 2.17.1 என்று இன்னொன்று. இந்தக் கடைசி ஓட்டைதான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. லாக்கிங் கான்ஃபிகரேஷன் ஃபைலை மாற்றும் உரிமை உள்ள ஒருவர், டேட்டாபேஸ் அப்பெண்டரின் டேட்டாசோர்ஸ் பெயராக ஒரு ஜேஎன்டிஐ முகவரியை எழுதி, வெளியிலிருந்து கோடு ஓட்டலாம் என்பதே அந்த ஓட்டை. மதிப்பெண் 6.6.

அப்போது ஒரு சண்டை நடந்தது. கான்ஃபிகரேஷன் ஃபைலை ஒருவர் மாற்ற முடியும் என்றால் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது, இதை ஓட்டை என்று எண் கொடுத்து அறிவிப்பதே கேலிக்கூத்து என்றார்கள் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அதே ஃபைலைத்தான் நாம் இருபது வருடமாக "சும்மா செட்டிங்ஸ்தானே" என்று சொல்லி, ஜாரை மாற்ற நாலு பேர் அனுமதி கேட்கும் இடத்தில், இதை மட்டும் சப்போர்ட் டீமில் யார் வேண்டுமானாலும் திருத்தும்படி பொது ஃபோல்டரில் வைத்திருந்தோம். அப்பாச்சிக்காரர்கள் வாதத்துக்கு நிற்காமல் திருத்தத்தைச் செய்தார்கள்: 2.17.1 முதல் அந்த டேட்டாசோர்ஸ் பெயர், ஜேவிஎம்முக்குள்ளேயே தேடும் "ஜாவா" என்ற முன்னொட்டில் மட்டும்தான் தொடங்கலாம்.